கஸ்பருக்கு அம்மா இல்லை

“ஒரு பத்தியத் தாவிட்ட,” என்றாள் மினோடோரா, கண்ணைத் திறக்காமல்.

லவீனியா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். தாவியது உண்மைதான். உப்புக் கிடங்கில் கஸ்பர் தன் சட்டையைக் கழற்றுகிற இடம் அது. நாற்பதை நெருங்குகிற ஒருத்தி, மலச்சட்டியும் மருந்துப் பாட்டிலும் இருக்கிற அறையில், பெற்ற தாய்க்கு முன்னால் உரக்கப் படிக்கிற சமாசாரமா?

“ஏற்கெனவே படிச்சிட்டியாம்மா இத?”

“இல்ல. ஆனா கஸ்பர் அவ்வளவு சீக்கிரம் பேச ஆரம்பிக்க மாட்டான். எனக்கு அவனத் தெரியும்.”

லவீனியாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே இருமலாகிவிட்டது. வாரம் முழுக்க விடாமல் படித்துப் படித்துத் தொண்டை கட்டியிருந்தது. வெளியே டான்யூப் ஆற்றின்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலை அம்மாவின் பக்கம் திறந்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லீரல். அதைக் கேட்டதும் அம்மா அழவில்லை, கடவுளைக் கூப்பிடவில்லை. “அப்ப மூணாம் பாகத்தச் சீக்கிரம் ஆர்டர் பண்ணு,” என்றாள்.

ஆயுள் முழுக்கத் தபாலாபீஸில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்தவள் மினோடோரா. கொராபியா ஊரில் யார் பார்சலில் என்ன வருகிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள். தன் பார்சலில் வருவது மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது. வந்ததெல்லாம் ஒரே வகைப் புத்தகம்தான். ஆணை ஆண் காதலிக்கிற கதைகள். அதிலும் பூவும் பாட்டுமாக இருக்கிற காதல் இல்லை. கடத்தல், சிறை, பழி, கத்தி. கதாநாயகன் நல்லவனா கெட்டவனா என்று கடைசிப் பக்கம்வரை சொல்ல முடியாது. சொல்ல முடிந்துவிட்டால் அவள் புத்தகத்தை வீசிவிடுவாள்.

“நல்லவன் வர்ற கதைய எதுக்குடி காசு குடுத்து வாங்கணும்? நல்லவரத்தான் நான் கட்டிக்கிட்டேனே. உங்கப்பா மாதிரி ஒரு தங்கமான மனுஷன் உண்டா? சாப்பிட்டார், தூங்கினார், செத்தார்.”

அட்டையில் வெற்று மார்போடு நிற்கிற தடியன்களை மறைக்க, மடாலயப் படம் போட்ட பழைய காலண்டர் தாள்களில் உறை போட்டு வைத்திருந்தாள். கீழே வாசல் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும்போது, பக்கத்தில் பின்னல் போடுகிற ஸாண்டா அத்தை எதிர்வீட்டுக்காரி என்ற உரிமையில் எட்டிப் பார்த்து, “இப்ப எந்தப் புனிதர்?” என்று கேட்பாள். “இவரு ரொம்பக் கஷ்டப்பட்டவரு,” என்பாள் மினோடோரா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

“படி,” என்றாள் இப்போது.

லவீனியா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“போச்சு. தொண்டை போச்சும்மா. போன்ல படிக்கற மிஷின வைக்கட்டுமா?”

“வேணாம். அந்தப் பொம்பள ரயில் ஸ்டேஷன்ல அறிவிக்கிற மாதிரி படிக்கிறா. கஸ்பர் எலியாஸக் கட்டிப் புடிக்கிறான்னு சொல்றாளா, ரெண்டாவது பிளாட்பாரத்துக்கு வண்டி வருதுன்னு சொல்றாளான்னே தெரியல.” மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்து, “இன்னும் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டாள்.

லவீனியா புத்தகத்தின் ஓரத்தைப் பார்த்தாள். நிறைய இருந்தது. அம்மாவிடம் அவ்வளவு இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

“கொஞ்சந்தாம்மா,” என்றாள். அடுப்படிக்குப் போனாள்.

*

இந்தப் புத்தகப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்ல வேண்டுமானால், ஆந்த்ரேயாவைச் சொல்லாமல் முடியாது.

லவீனியாவின் தம்பி ஹோரியா இத்தாலியில், போலோன்யாவில் ரொட்டிக் கடையில் வேலை செய்கிறான். ஏழெட்டு வருஷம் முன்னால் ஒரு நாள் போனில், “நான் ஆந்த்ரேயாவோட சேந்து இருக்கேம்மா,” என்றான். மினோடோராவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தக் கட்டடத்தின் எல்லா மாடிக்கும் தெரிந்துவிட்டது, ஹோரியாவுக்குப் பெண் கிடைத்துவிட்டாள், பெயர் ஆந்த்ரேயா என்று. கொராபியாவில் மூன்றாவது வீட்டுக்கு ஓர் ஆந்த்ரேயா உண்டு, எல்லோரும் பெண்கள். இத்தாலியில் அது ஆண்பிள்ளைப் பெயர் என்று இங்கே யாருக்குத் தெரியும்? ஹோரியா பொய் சொல்லவில்லை. அம்மா தப்பாக எடுத்துக்கொண்டதைத் திருத்தவும் இல்லை. ஒரு வருஷம் அவன் அப்படியே விட்டுவிட்டான். அந்தக் கோழைத்தனத்துக்காக லவீனியா அவனை இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

ஈஸ்டருக்கு வருகிறோம் என்றான். மினோடோரா லேஸ் வைத்த படுக்கை விரிப்பு வாங்கினாள். டூலிப் பூக்களோடு பஸ் நிலையத்துக்குப் போனாள், ஸாண்டா அத்தையையும் கூட்டிக்கொண்டு. பஸ்ஸிலிருந்து ஹோரியா இறங்கினான். அவன் பின்னால் தாடி வைத்த ஒருத்தன், கையில் கேக் பெட்டியோடு, கண்ணெல்லாம் சிரிப்பாக இறங்கினான். அம்மா அவனைத் தாண்டி பஸ் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் கதவை மூடிவிட்டார்.

“ஆந்த்ரேயா எங்கடா?”

“இதாம்மா ஆந்த்ரேயா.”

ஒரு கணம்தான். மினோடோரா பூக்களை அந்தத் தாடிக்காரன் கையில் கொடுத்தாள். “அட, ஆந்த்ரேயாவோட அண்ணனா! வாங்க வாங்க,” என்றாள் ஸாண்டாவுக்குக் கேட்கும்படி. “பாவம், பொண்ணுக்கு லீவு கிடைக்கலயாம் ஸாண்டா.”

வீட்டுக்கு வந்து அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் என்ன சொன்னாள் என்பது லவீனியாவுக்குத் தெரியாது. மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். வெட்டாத கேக் மேஜைமேல் இருந்தது. அதற்கப்புறம் மினோடோரா மகன் பெயரைச் சொன்னதில்லை. அவன் போன் செய்தால் எடுத்ததில்லை.

ஆனால் அம்மாவின் வாயில் ஆந்த்ரேயா வளர்ந்தாள். படிக்கட்டில் யார் கேட்டாலும் புதுச் செய்தி உண்டு. ஆந்த்ரேயா நர்ஸ். ராத்திரி ஷிப்ட். சமையல் சுமார்தான், ஆனால் குணம் தங்கம். ஒரு குளிர்காலத்தில் ஆந்த்ரேயாவுக்குக் கரு கலைந்துவிட்டது என்று சொல்லி, இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மினோடோரா விம்மி விம்மி அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தேற்றினார்கள். மேலே கதவு இடுக்கில் நின்று லவீனியா கேட்டாள். அந்த அழுகையில் பொய்யே இல்லை.

அந்த ஈஸ்டர் கழிந்த கோடையில்தான் முதல் புத்தகம் வந்தது. “என்னதான் இருக்குன்னு பாப்போம்,” என்றாள், ஏதோ விஷப் பாட்டிலைத் திறக்கிற மாதிரி. இரண்டு நாள் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் கண் சிவக்க வந்து, “ஏண்டி, இதோட அடுத்த பாகம் இருக்கா?” என்று கேட்டாள்.

லவீனியாவுக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம்! இந்த வழியாகவே அம்மா மெல்ல நடந்து ஹோரியாவிடம் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று நம்பினாள். அதற்காகவே தேடித் தேடி வாங்கிக் கொடுத்தாள், தானும் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்கும் பிடித்துப்போனது, அது வேறு விஷயம். உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம் சண்டை. கஸ்பர் கூலிக்குக் கொலை செய்கிறவன். எலியாஸ் அரசாங்க வக்கீல். எலியாஸின் அண்ணனைக் கொன்றதே கஸ்பர்தான். அம்மா கஸ்பர் கட்சி.

“அவன் பண்ணது தப்புதாண்டி. யாரு இல்லன்னா? ஆனா காய்ச்சல்ல கிடந்த எலியாஸுக்கு ராவெல்லாம் கால் புடிச்சு விட்டானே, அது யாருக்கு வரும்?”

“கட்டிப் போட்டவனும் அவன்தானே!”

“கட்டிப் போடாட்டி ஓடிப் போயிருப்பானே,” என்பாள் அம்மா, இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி.

இப்படி வருஷங்கள் போயின. புத்தகங்கள் மாறின, அம்மா மாறவில்லை. போன குளிர்காலத்தில், மீன் செதிலைச் சீவிக்கொண்டிருந்தபோது, லவீனியாவுக்குப் பொறுக்கவில்லை. கத்தியைக் கீழே போட்டாள்.

“பதினோரு கொலை பண்ணினவன நீ மன்னிச்சிட்ட. ஹோரியா என்ன கொலையா பண்ணினான்? அந்தப் புத்தகத்துல இருக்கற அதே காதல்தானேம்மா?”

மினோடோரா மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சீவினாள்.

“கவனிச்சியா நீ?” என்றாள் கடைசியில். “அந்தப் புத்தகங்கள்ல ஒருத்தனுக்கும் அம்மா கிடையாது. கஸ்பர் அநாதை. எலியாஸோட அம்மா பிரசவத்துலயே போயிட்டா. அதுக்கு முந்தின கதையில அந்தக் கப்பல்காரனுக்கு யாருமே இல்ல. எழுதறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு அம்மாவ உள்ள விட்டா, கதை நாசமாப் போயிரும்.”

அவ்வளவுதான். மீனை உப்பில் புரட்டினாள்.

*

அடுப்படியில் போன் ஒரே மணியில் எடுக்கப்பட்டது.

“அக்கா? என்ன ஆச்சு?” ஹோரியாவுக்கு ர வராது. நாக்கு நுனியில் நிற்க வேண்டியது தொண்டைக்குள் போய் உரசும். சின்ன வயதில் தன் பெயரைச் சொல்லச் சொல்லிப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அம்மா துடைப்பத்தோடு கீழே இறங்கி அவர்களை விரட்டுவாள்.

“இருக்காங்க,” என்றாள் லவீனியா. குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. “இன்னிக்குத் தாண்டாதுன்னு தோணுது.”

“நான் கிளம்பறேன். பை கட்டி வாசல்லயே வெச்சிருக்கேன். ஒரு வார்த்த கேளு அவங்கள. ஒரே ஒரு வார்த்த. வான்னு சொன்னாப் போதும்.”

“எத்தன தடவடா கேக்கறது? பேர எடுத்தாலே சுவத்துப் பக்கம் திரும்பிக்கறாங்க.” அவளுக்கு அழுகை முட்டியது, தொண்டை அதற்கும் ஒத்துழைக்கவில்லை. “இங்க பாரு. எனக்குப் படிக்க முடியல. நீ படி. மிஷின்னு சொல்லிடறேன். பக்கத்தப் போட்டோ புடிச்சு அனுப்பறேன்.”

“என்ன படிக்கணும்? பைபிளா?”

லவீனியா ஒன்றும் சொல்லாமல் பக்கங்களை அனுப்பினாள். எதிர்முனையில் ஒரு மாதிரி மூச்சு வந்தது. சிரிக்கிறானா என்ன என்று தெரியவில்லை.

“இத அம்மாவா படிக்கறாங்க?”

“ஆமா.”

“எப்பலேந்து?”

“நீ வந்துட்டுப் போன அந்த ஈஸ்டர்லேந்து.”

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போகிற சத்தம் போலோன்யாவிலிருந்து கேட்டது. “என்கிட்ட ஏன் நீ சொல்லவே இல்ல?” என்றான்.

“சொன்னா உனக்கு நம்பிக்கை வந்துரும்னு பயந்தேன்.”

“இப்ப?”

“இப்ப நேரம் இல்ல. படிப்பியா மாட்டியா?”

“என் ர வெச்சே கண்டுபுடிச்சிருவாங்க.”

“கண்டுபுடிக்கட்டுமேடா!” என்றாள் லவீனியா. அந்தக் கட்டிய தொண்டையிலும் அது கத்தலாக வந்தது.

*

போனைத் தலையணையில், அம்மாவின் காதோரம் வைத்தாள்.

“புதுக் குரல் ஒண்ணு இறக்கியிருக்கேம்மா. ஆம்பளக் குரல். கேட்டுப் பாரு.”

ஹோரியா படிக்கத் தொடங்கினான். முதல் வரி நடுங்கியது. ‘கஸ்பர்’ என்று வந்ததும் தொண்டை உரசியது. லவீனியா அம்மாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மஞ்சள் பாய்ந்த இமைகள் ஒரு தடவை அசைந்தன, திறக்கவில்லை. போர்வைமேல் இருந்த கை விரிந்து மறுபடி மூடிக்கொண்டது. ஒரு பக்கம் முழுக்க அப்படியே கிடந்தாள்.

“இந்த மிஷினுக்கு ர சரியா வரல,” என்றாள்.

லவீனியா போனை நோக்கிக் கையை நீட்டினாள். “நிறுத்தட்டுமா?”

“நிறுத்தச் சொன்னேனா நான்?”

ஹோரியா படித்தான். சட்டை கழற்றுகிற இடம் வந்தது. ஒரு நிமிஷம் தயங்கினான். அப்புறம் ஒரு சொல் விடாமல், கூச்சப்படாமல், மெதுவாகப் படித்தான். கஸ்பரின் தோளில் இருந்த பழைய தழும்பை எலியாஸ் தொடுகிறான். அது எப்படி வந்தது என்று கேட்கிறான். கஸ்பர் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பொய் சொல்கிறான், எல்லாப் பொய்யையும் எலியாஸ் நம்புகிறான். மிஷின் அந்த மாதிரி படிக்காது. காதலிக்கிற ஒருத்தன்தான் அப்படிப் படிப்பான். மினோடோராவின் வாயோரம் லேசாகச் சிரித்தது.

“இது தாவல பாத்தியா,” என்றாள் மகளிடம். “உன்ன மாதிரி ஏமாத்தல.”

அரை அத்தியாயம் போனது. வெளியே படகின் ஊதல் ஒன்று நீளமாகக் கேட்டது. படிக்கிற குரல் வறண்டு கரகரத்தது. ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று எச்சில் விழுங்கியது.

“மிஷினத் தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்லு,” என்றாள் மினோடோரா.

அந்தச் சின்னப் போனிலிருந்து, குழாய் திறக்கிற சத்தமும், தம்ளரில் தண்ணீர் விழுகிற சத்தமும், ஒருத்தன் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தமும் வந்தன. மினோடோரா அதைக் கடைசிவரை கேட்டாள். தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் தன் மூச்சை விட்டாள்.

லவீனியா கட்டிலோரம் மண்டியிட்டாள். அம்மாவின் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷமும் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே!

“அம்மா, மிஷின்கிட்ட எதாவது சொல்லேன்.”

“மிஷின்கிட்ட என்னத்தச் சொல்றது?”

“அது நேர்லயே வந்து படிக்கறேங்குது. இப்பக் கிளம்பினா நாளைக்கு வந்துரும். வரச் சொல்லட்டுமா? நீ ம்-னு சொன்னாப் போதும்மா. பேர்கூடச் சொல்ல வேணாம்.”

கண்ணைத் திறந்தாள் மினோடோரா. கூரையைப் பார்த்தாள். அங்கே பழைய ஈரக் கறை ஒன்று இருந்தது. அவள் கண் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் காதுக்குள் போனது.

“மிஷின் எதுக்கு வரணும்?” என்றாள், ரொம்பத் தெளிவாக. “அங்கயே இருந்து படிக்கட்டும்.”

லவீனியா கையை விட்டுவிட்டாள். அந்த நிமிஷத்தில் அம்மாவை அவள் வெறுத்தாள். சாகக் கிடக்கிறவள் என்றுகூடப் பார்க்காமல், மனசார வெறுத்தாள்.

“ஏன் நின்னுடுச்சு?” என்றாள் மினோடோரா.

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். காகிதம் எதுவும் புரளவில்லை, அவன் போன் திரையில்தானே படிக்கிறான். விட்ட வாக்கியத்தின் முதலிலிருந்து ஹோரியா மறுபடி தொடங்கினான்.

*

சாயங்காலம் ஸாண்டா அத்தை வந்தாள். கோழி சூப்பு ஒரு கையில், மெழுகுவர்த்தி ஒரு கையில். கட்டிலைப் பார்த்ததுமே சூப்பை மேஜைமேல் வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினாள்.

“மூக்கு கூராயிடுச்சு கண்ணு. பாக்கலயா நீ? கையில வெளிச்சம் இல்லாம அனுப்பிடாத. அந்தப் பக்கம் இருட்டுல தடவிக்கிட்டு நிப்பா.” சிலுவை போட்டுக்கொண்டாள். “அது என்ன, ரேடியோவா? ஜெபமா?”

“ஆமா அத்தை.”

“நல்லாப் படிக்கிறார் மனுஷன். உருக்கமா இருக்கு.”

மெழுகுவர்த்தியை ஏற்றி மினோடோராவின் விரல்களுக்கு நடுவே வைத்து, தன் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஹோரியாவுக்கு இது எதுவும் தெரியாது, கதையைப் படித்துக்கொண்டே இருந்தான். எலியாஸ் எல்லாவற்றையும் போலீசுக்குச் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டான் என்று தெரிந்தே கஸ்பர் துறைமுகத்துக்கு வருகிறான். எலியாஸ் படகில் கால் வைத்தபோது மினோடோராவின் மூச்சு உள்ளே போனது. லவீனியா காத்திருந்தாள். அது வெளியே வந்தது, ரொம்ப மெல்ல. மறுபடி காத்திருந்தாள்.

ஸாண்டா அத்தை நிமிர்ந்து பார்த்தாள். லவீனியா உதட்டில் விரலை வைத்தாள். அத்தியாயம் முடிகிறவரை அவனை யாரும் நிறுத்தவில்லை.

“இந்த அத்தியாயம் முடிஞ்சுது,” என்றான் ஹோரியா. “அடுத்ததுக்குப் போகட்டுமா?”

சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடிக்குத் துணி போட ஸாண்டா வெளி அறைக்குப் போனாள். லவீனியா போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

“அம்மா போயிட்டாங்கடா.”

“எப்ப?”

“நீ படிச்சிட்டிருக்கும்போதே.”

“எந்த இடத்துல?”

“எலியாஸ் படகுல ஏறும்போது.”

அவன் யோசித்தான். “அதுக்கப்புறம் எவ்வளவோ படிச்சேனேக்கா,” என்றான்.

“படிச்ச.”

“எதாவது சொன்னாங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். ‘ஹோரியா’ என்று ஒரு தடவை கூப்பிட்டாள் என்று சொன்னால் யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? அந்தப் பெயர் லவீனியாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த வீட்டில் ஏற்கெனவே இருந்த பொய்களே போதும் என்று தோன்றியது.

“இல்லடா,” என்றாள். “நீ கிளம்பு. இனிமே தடுக்க யார் இருக்கா? மூணாம் நாள்தான் எடுக்கறது. ஆந்த்ரேயாவையும் கூட்டிட்டு வா.”

“வந்து?” என்றான் ஹோரியா. குரலில் கோபம்கூட இல்லை. “ஸாண்டா அத்தை கேப்பாங்க, மருமக வரலயான்னு. கருப்பு கட்டிக்கிட்டு என் பக்கத்துல நிக்கறவன யாருன்னு சொல்ல? அவளோட அண்ணன்னா? அம்மா பொட்டிக்கு முன்னாடி நின்னு நானும் அதச் சொல்லணுமா? இல்ல உண்மையச் சொல்லி, இத்தன வருஷம் அவங்க சொன்னதெல்லாம் பொய்யின்னு ஊர் முன்னாடி பொணத்தப் பாத்துச் சிரிக்க வைக்கணுமா?”

“ஊர் கிடக்குது, விடு.”

“அவங்களுக்கு ஊர்தானேக்கா எல்லாம்,” என்றான். “அங்கயே இருந்து படிக்கட்டும்னாங்க. கேட்டேன் இல்ல? என்கிட்ட அவங்க கேட்டது அது ஒண்ணுதான்.”

*

லிப்ட்டில் சவப்பெட்டி நுழையாது. நாலாவது மாடிக்குப் படி வழியாகவே கொண்டுவந்தார்கள். மூடியை வழக்கப்படி கீழே கட்டட வாசலில் சாய்த்து வைத்தார்கள். யார் வீட்டில் சாவு என்று தெருவுக்குத் தெரிந்தது. சாவுக்குப் படைக்கிற கொலீவாவுக்குக் கோதுமை வேகிற வாசனை படிக்கட்டெல்லாம் பரவியது. வருகிறவர்கள் எல்லோரும் லவீனியாவைக் கட்டிக்கொண்டு முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

“ஹோரியாவும் ஆந்த்ரேயாவும் கிளம்பிட்டாங்களா?”

“முடியல,” என்றாள் லவீனியா. “ஆந்த்ரேயாவுக்கு லீவு கிடைக்கல.”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. அப்படியே நின்றாள். அம்மாவின் குரல், அம்மாவின் இழுப்பு, அந்தப் பெருமூச்சு உட்பட எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தது. “பாவம் அந்தப் பொண்ணு, மாமியார்னா உசிரு அவளுக்கு,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் மூன்றாவது மாடிக்காரி.

எடுக்கிற அன்று காலை, பாதிரியார் வருவதற்கு முன்னால், லவீனியா போனை அம்மாவின் தலைமாட்டில், வெள்ளைத் துணி மடிப்புக்குள் வைத்தாள். இரண்டு நாளாக ஹோரியா விட்டு விட்டுப் படித்துக்கொண்டிருந்தான். ரொட்டிக் கடையில் லீவு சொல்லியிருந்தான். ஆந்த்ரேயா டீ கொண்டுவந்து வைக்கிற சத்தம் ஒரு தடவை கேட்டது, இத்தாலிய மொழியில் ஏதோ மெல்லக் கேட்டான். ஹோரியா “இல்ல, இன்னும் இருக்கு,” என்று தன் தாய்மொழியிலேயே பதில் சொல்லிவிட்டு, அப்புறம் அவன் மொழியில் சொன்னான்.

ஸாண்டா அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனமாகக் கேட்டாள். கஸ்பர் விலங்கு மாட்டிக்கொள்ளக் கையை நீட்டுகிற இடம்.

“இது யாரு கதை கண்ணு? உங்கம்மா எப்பவும் படிப்பாளே, அந்தப் புனிதரா?”

“ஆமா அத்தை. கஸ்பர்.”

“பாவம், காட்டிக் குடுத்திட்டாங்களே அவர.” ஸாண்டா சிலுவை போட்டுக்கொண்டாள். “யாரு காட்டிக் குடுத்தது? கூட இருந்தவந்தானே?”

“கூட இருந்தவந்தான்.”

“எப்பவும் அப்படித்தான்,” என்றாள் ஸாண்டா அத்தை. மனசாரக் கண்ணீர் விட்டாள்.

படியில் பாதிரியாரின் சலங்கை கட்டிய தூபக்கலசத்தின் சத்தம் கேட்டது. இன்னும் சில பக்கங்கள் பாக்கி இருந்தன. எலியாஸ் சிறை வாசலில் நிற்கிறான். உள்ளே போவானா திரும்பிவிடுவானா என்று தெரியவில்லை. லவீனியா குனிந்து, “அவங்க வந்துட்டாங்கடா,” என்றாள். குரல் வாக்கியத்தின் நடுவில் நின்றது. “கட் பண்ணிடாதக்கா,” என்றான் ஹோரியா.

அவள் போனைக் கோட்டுப் பையில் போட்டு, ஒற்றைக் காதில் மட்டும் கேட்கிற மாதிரி இயர்போனைக் கறுப்புத் தலைத்துணிக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். பாதிரியார் பாடினார். கோதுமைத் தட்டை எல்லோரும் தொட்டு உயர்த்தினார்கள். நித்திய நினைவு என்று எல்லோரும் சேர்ந்து பாடியபோது, அவள் காதுக்குள் ஒருத்தன் மட்டும் சுருதி சேராமல் கூடப் பாடினான். ர வருகிற இடத்தில் எல்லாம் உரசியது.

கையில் வெள்ளைத் துண்டு கட்டிய ஆட்கள் திறந்த பெட்டியைத் தூக்கினார்கள். கால் பக்கம் முன்னே, தலைப் பக்கம் பின்னே. லவீனியா அதன் பின்னாலேயே இறங்கினாள். படிக்கட்டு குறுகலானது. ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்திருந்தன, பெண்கள் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பெட்டி சுவரில் இடித்தது.

“சாய்க்கணும்யா, இல்லாட்டித் திரும்பாது,” என்றான் முன்னால் இருந்தவன். “நீ அந்தப் பக்கம் தூக்கு. இன்னும். இன்னும் தூக்கு.”

பெட்டி சாய்ந்தது. மினோடோராவின் தலை தலையணையில் ஒரு பக்கமாகச் சரிந்தது.

“மெதுவா,” என்றான் ஹோரியா அவள் காதுக்குள். “தலையப் புடிச்சுக்கச் சொல்லுக்கா. மெதுவா.”

“மெதுவா,” என்றாள் லவீனியா. “தலையப் புடிச்சுக்குங்க.”

“மெதுவாத்தாம்மா போறோம்,” என்றான் அந்த ஆள், திரும்பிப் பார்க்காமலே. கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தான்.